நடுக்கால்

மோல்மேன், பர்மா,
ஆவணி மாதம்

அன்பு மாப்ளே,

நீ அனுப்பிய ரிமோட் ஸ்டார்ட்டர் பெட்டி வந்து மூன்று மாதம் ஆகிறது. வந்து சேர்ந்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லை, திட்டிக்கொள். வண்டியில் மாட்டிவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். மாட்டி முடிக்கத்தான் இத்தனை நாள்.

மழை இன்னும் விட்டபாடில்லை. வைகாசிக் கடைசியில் பிடித்தது, துணி காயவில்லை, உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்கிறது. உனக்குத் தெரியாததா, எட்மண்டன் போனதும் மறந்தா போயிருக்கும்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதவுப் பூட்டு மட்டும்தான் ரிமோட்டில் வேலை செய்கிறது. எஞ்சினைத் தூரத்திலிருந்து கிளப்புகிற வயர்களை டேப் சுற்றி டாஷ்போர்டுக்குள் சொருகி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. மைனஸ் 30-இல் காபி குடித்துக்கொண்டே வண்டியைச் சூடேற்றுகிறவன் நீ. இங்கே நான் எதைச் சூடேற்ற? ஏசி போட்டு வைக்கலாம் என்பாய். டீசல் விற்கிற விலையில் ஆள் இல்லாத வண்டிக்கு ஏசியா?

அது மட்டும் காரணமில்லை. என்னுடையது கியர் வண்டி. மேட்டில் நிறுத்தினால் முதல் கியரில் விட்டு இறங்குவது முப்பது வருஷப் பழக்கம். அந்த நிலையில் பெட்டி செல்ஃப் அடித்தால் வண்டி முன்னால் பாயும். இதற்காகவே உன் பெட்டியில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. எஞ்சின் ஓடும்போதே நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சாவியை உருவி, இறங்கிக் கதவை மூட வேண்டும். அப்புறம் யாராவது கதவைத் திறந்தால் அடுத்த ஸ்டார்ட் ரத்து. நல்ல யோசனைதான். ஆனால் கதவு திறந்ததைப் பெட்டிக்குச் சொல்வது கதவு ஓரத்துப் பட்டன் சுவிட்ச். இந்த மழையில் என் வண்டிச் சுவிட்சுகள் துருப்பிடித்து, திறந்த கதவை மூடியதாகவும் மூடியதைத் திறந்ததாகவும் காட்டுகின்றன. அதை நம்பி வாசலில் பேத்தி விளையாடும்போது வண்டியை விடுவேனா?

சரி, பூட்டுக்கு வருகிறேன். பெட்டியிலிருந்து வரும் லாக், அன்லாக் வயர்கள் அரை ஆம்பியருக்கு மேல் தாங்காது. கதவு மோட்டார் ஒன்றே அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அதனால்தான் நடுவில் வயருக்கு ஒன்றாக இரண்டு ரிலே, சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். உனக்கு இதெல்லாம் கைவந்த வேலை, எனக்கு மீட்டரும் பொறுமையும்தான் துணை. என் வண்டியில் மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரும் சும்மா இருக்கும்போது எர்த்தில் இருக்கின்றன. பூட்டும்போது ஒன்றுக்கு 12 வோல்ட் வரும், திறக்கும்போது மற்றதற்கு. ஆகவே இரண்டு வயரையும் சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவே வெட்டி, மோட்டார் பக்கத்தை ரிலேயின் 30-ஆம் காலிலும், சுவிட்ச் பக்கத்தை, சும்மா இருக்கும்போது 30-ஓடு சேர்ந்திருக்கும் நடுக்காலான 87ஏ-யிலும், ஃப்யூஸ் வழியாக பேட்டரியை, ரிலே இழுத்ததும் 30-ஓடு சேரும் 87-இலும் கொடுத்தேன். ரிலேயை இழுக்கும் காயிலின் இரண்டு கால்களில் 86-க்கு பிளஸ், 85-க்குப் பெட்டியின் வயர். மின்சாரம் நிற்கும்போது காயில் திருப்பி உதைக்குமே, அதற்கு மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் டயோடு ஒன்று, கோடு போட்ட முனை 86 பக்கம்.

முடித்துவிட்டுக் கதவுச் சுவிட்சை அமுக்கினேன். சத்தமே இல்லை. ரிமோட்டை அமுக்கினேன், 15 ஆம்பியர் ஃப்யூஸ் டப்பென்று போயிற்று. வேறு ஃப்யூஸ் போட்டேன், அதுவும் போயிற்று.

கதவு ரப்பர் குழாய்க்குள் வயர் கடிபட்டிருக்கும் என்று நினைத்து இரண்டு கதவுப் பேடைக் கழற்றினேன். திஞ்சானுக்கு, அதுதான் பர்மியப் புத்தாண்டுக்கு, பையன்கள் பின்னால் டிரம் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் தண்ணீர் அடித்தார்கள் அல்லவா, அந்தச் சேறு சித்திரையிலிருந்து கதவுக்குள் காய்ந்து கிடந்தது. வெடித்த வயர் ஒன்றும் கிடைத்தது. "இதுதான்டா" என்று ஈயம் வைத்து டேப் சுற்றினேன். மறுபடியும் டப். மூன்று சாயங்காலம் இப்படியே போனது. உன் தங்கச்சி டீயை வண்டிக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நான்காம் நாள் ரிலேயைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஓரக்காலில் 87. நடுக்காலிலும் 87! பக்கத்தில் 'ஏ' இல்லை. ஐந்து கால்தான், ஆனால் இரண்டும் ஒரே வேலை செய்கிற ரகம். சும்மா இருக்கும்போது 30-க்கும் நடுக்காலுக்கும் தொடர்பே கிடையாது, அதனால்தான் சுவிட்ச் செத்தது. ரிலே இழுத்ததும் பேட்டரி நேராக நடுக்கால் வழியே எர்த்துக்கு ஓடியது. ஃப்யூஸ் போகாமல் என்ன செய்யும்? கடைக்காரர் முதலில் 24 வோல்ட் லாரி ரிலேயை என் தலையில் கட்டப் பார்த்தார். அதைக் கண்டுபிடித்த பெருமையில் காலில் இருந்த எழுத்தைப் படிக்காமல் வந்துவிட்டேன்.

சரியான ரிலேக்கள் வந்ததும் அரைமணி வேலை. அதோடு மூன்றாவதாக ஒன்றும் சேர்த்தேன், டிரைவர் கதவுக்கு மட்டும். உன் ஊர் வயரிங் படத்தில் அது ஒரு சௌகரியம், இங்கே அவசியம். 1970-இல் வண்டிகளை ரோட்டின் வலப்பக்கம் மாற்றினார்கள், ஜப்பானிலிருந்து வந்த என் வண்டிக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. நான் நடைபாதையில் இறங்குவேன். இடப்பக்கக் கதவு திறந்தால் நேராக மோட்டார் சைக்கிள்களின் நடுவே. இப்போது ஒருமுறை அமுக்கினால் என் கதவு மட்டும் திறக்கும். நான் சுற்றிப் போய் நின்றுகொண்டு இரண்டாம் முறை அமுக்கிய பிறகுதான் பேத்தி இறங்குவாள். அவளுக்கு இது பிடிக்கவில்லை. ரிமோட்டைத் தன்னிடம் தரச் சொல்லி ஒரே அழுகை.

நீ வருகிறேன் என்று சொன்னது இந்தப் பங்குனிக்கா, அடுத்ததற்கா? உன் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வா. நம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த மொய்ங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கடையை இப்போது அந்த அம்மாவின் மகள் நடத்துகிறாள். வாழைத்தண்டு மட்டும் கொஞ்சம் குறைவு.

அந்த இரட்டை 87 ரிலேக்களைத் தூக்கிப் போடவில்லை. ஒன்றை ஹாரனுக்குப் போட்டிருக்கிறேன், இரண்டு ஹாரனுக்கும் ஆளுக்கொரு காலாகச் சரியாக இருக்கிறது.

உன்,
பழைய பெஞ்சுக் கூட்டாளி