படித்துறைப் பூங்காவில் தவறிய நகையைத் தேட அனுமதி கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: பூங்காவில் மெட்டல் டிடெக்டருக்கு (மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஒலி எழுப்பும் கருவி) விதித்த முழுத் தடையைத் தளர்த்த வேண்டுதல்

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் முன்பு அளித்த எங்கள் மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காவிரிப் படித்துறையை ஒட்டிய பூங்காவைத் தாங்கள் நன்கறிவீர்கள். அங்கே தடைப்பலகை வைத்ததிலிருந்து மனு கொடுத்து வருகிறோம். ரசீது வந்தது, பதில் வரவில்லை.

1. தடையின் காரணம் எங்களுக்குப் புரிகிறது. திருவெண்காட்டில் 1951இலும் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் 2023இலும் பூமிக்கடியிலிருந்து திருமேனிகள் வெளிப்பட்ட மண் இது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுச் சட்டமும் தெரியும். கோயில், தொல்லியல் இடம் எதன் அருகிலும் நாங்கள் அனுமதி கேட்கவில்லை.

2. நேற்று விழுந்ததை இன்று எடுக்க மட்டுமே கேட்கிறோம்.

3. ஆடிப் பதினெட்டன்று பெண்கள் பூங்காப் புல்லில் உட்கார்ந்துதான் தாலிக்கயிறு மாற்றுகிறார்கள். பழைய கயிற்றை அவிழ்க்கும்போது குண்டும் காசும் நழுவுகின்றன. அரை கிராம் குண்டு மூன்று அங்குலத்துக்குக் கீழே போய்விட்டால் நல்ல கருவிக்கும் எட்டுவது கடினம். கூட்டம் மிதிக்க மிதிக்க அது இறங்கிக்கொண்டே இருக்கும். இரும்புக்கு ஒலிக்காதபடி கருவியில் அதை ஒதுக்கலாம். ஆனால் மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளை ஒதுக்கினால் சிறு தங்கமும் சேர்ந்து ஒதுங்கிவிடும், இரண்டின் ஒலியும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஒவ்வொரு ஒலியையும் தோண்டித்தான் பார்க்க வேண்டும். தரையை வரிசையாகப் பிரிக்க இரண்டடிக்கு ஒரு கயிறு கட்டி, கருவியின் அடியிலுள்ள வட்டமான காயிலைத் தரையிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் பிடித்து, முன் வீச்சின் பாதியை மறு வீச்சு மூடும்படி மெல்ல நகர வேண்டும். இதற்கு நேரம் வேண்டும் ஐயா! மறுநாள் காலையில் துப்புரவு வண்டி வந்து மண்ணோடு வாரிக் குப்பைக் கிடங்கில் கொட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு அனுமதி கிடைத்து என்ன பயன்? கண்ணெதிரே விழுந்த தாலிக்குண்டைத் தேட ஒரு பெண் யாரிடம் போய் நிற்பாள்? அலுவலகம் பூட்டியிருக்கிறது, காவலர் பலகையைக் காட்டுகிறார். எங்களையும் கருவியோடு திருப்பி அனுப்புகிறார். கையால் துழாவலாமாம், கருவிதான் கூடாதாம். இது என்ன நியாயம்?

4. புல் கெடும் என்ற கவலை வேண்டாம். மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல்போல் விட்டுப் புல்லைப் புரட்டுவோம். மண்ணைச் சாக்கின் மேல் எடுத்து, பின்பாயின்டர் என்ற சிறு கைக்கருவியால் பொருளைக் கண்டதும் அப்படியே நிரப்பி, மிதித்து, தண்ணீர் ஊற்றுவோம். கைக்கரண்டி தவிர மண்வெட்டி, கடப்பாரை எதுவும் கூடாது என்று தாங்களே நிபந்தனை போடலாம். ஆறு அங்குலத்துக்குக் கீழே தோண்டக் கூடாது என்றும் எழுதிவிடுங்கள்.

5. நகையைத் தவறவிட்டவர் உடனிருக்க, பூங்காக் காவலரே அன்று மாலையே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கும்படி உத்தரவிட வேண்டும். கிடைத்ததெல்லாம் பதிவேட்டில் ஏறட்டும். பழம்பொருளாகத் தெரிந்தால் தொடாமல் நிறுத்தி வட்டாட்சியருக்குச் சொல்வோம்.

6. திருவிழாவுக்கு மறுநாள் அந்தப் புல்தரையை மட்டுமாவது பகல் வரை கூட்டாமல் விடச் சொல்லுங்கள்.

அடுத்த ஆடிப்பெருக்குக்கு முன் உத்தரவு வேண்டும் ஐயா. இந்த மனுவுக்காவது எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம். மறுபடியும் கேட்கிறோம்: அன்று மாலையே சீட்டு.

இப்படிக்கு,
படித்துறைப் பகுதி மக்களும்
கருவி வைத்துத் தேடித் தருவோரும்