சக்கர நாற்காலி பயணப்பெட்டி அல்ல

விமான நிறுவன நிர்வாகிகளுக்கும் பொழுதுபோக்குப் பூங்காக்களை நடத்துவோருக்கும் வணக்கம்.

கடந்த மாதம் குடும்பத்தோடு விமானத்தில் போய்ப் பெரிய பூங்கா ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். விமான வாசலில் உங்கள் ஊழியரிடம் நான் ஒப்படைத்த மின் சக்கர நாற்காலி, இறங்கிய ஊரில் பெட்டிகள் சுற்றிவரும் இடத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. நாற்காலியை ஓட்டும் இயக்குபிடி (ஜாய்ஸ்டிக்) முறிந்து ஒயரில் தொங்கியது. காற்றறை மெத்தையைக் காணவில்லை.

நடுவில் ஒரே நடைவழி உள்ள விமானங்களில் சரக்குக் கதவின் உயரம் குறைவு என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சாய்முதுகை எப்படி மடிப்பது, பிரேக்கை எப்படி விடுவிப்பது, எங்கே பிடித்துத் தூக்குவது என்று படம் வரைந்து நாற்காலியிலேயே கட்டி அனுப்பினேன். சுருட்டிக் கட்டிய நூல்கூட அவிழாமல் அந்தத் தாள் திரும்பி வந்தது.

மெத்தைதானே என்றார் அங்கிருந்த ஊழியர். தண்டுவடக் காயத்தால் இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி கிடையாது. உடலின் பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் பரப்பித் தாங்குவது அந்த மெத்தை. மாற்றாகத் தந்த நாற்காலியில் வெறும் ரெக்சின் இருக்கை; பின்சக்கரங்களும் சிறியவை, என் கையால் தள்ள வழியில்லை. பூங்கா முழுக்க என் மகள்தான் தள்ளினாள். இரவில் என் மனைவி கண்ணாடி பிடித்துக் காட்டினார்: வால் எலும்பின்மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு. அழுத்திப் பார்த்தும் வெளுக்கவில்லை. அது அழுத்தப் புண்ணின் தொடக்கம். புண் ஆழமாகிவிட்டால் ஆற மாதக்கணக்காகும்; சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. மறுநாளை நான் படுக்கையில் குப்புறக் கிடந்து கழித்தேன்.

புகார் செய்யப் போனால் ஒரு படிவம் நீட்டினார்கள். பெட்டியின் நிறம் என்ன, பூட்டு உண்டா, கைப்பிடி எப்படி என்று கேட்கும் படிவம். நீங்கள் எங்களை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதை அந்தத் தாளைவிடத் தெளிவாக யாரும் எழுதிவிட முடியாது. சட்டமும் உங்களுக்கே துணை நிற்கிறது. 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சர்வதேசப் பயணத்தில் சக்கர நாற்காலியும் பயணச் சுமைதான்; சிறப்பு அறிவிப்பு எதுவும் செய்யாவிட்டால் ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) மட்டுமே இழப்பீடு. உடலுக்கு அளவெடுத்துச் செய்த மின் நாற்காலியின் விலை அதைப்போலப் பல மடங்கு. உச்சவரம்பைக் காட்டிக் கைகழுவாதீர்கள். நீங்கள் உடைத்தால், முழு விலையையும் நீங்களே கொடுங்கள்.

விதிகளை நாங்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். கழற்றி எடுத்துவரும் லித்தியம் பேட்டரி ஒன்றானால் அதன் மின்சேமிப்பு அளவு 300 வாட்-அவர், இரண்டானால் ஒவ்வொன்றும் 160 வாட்-அவர் என்ற வரம்பை நானே உங்கள் கவுன்டர் ஊழியருக்கு விளக்க வேண்டியிருந்தது. முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்த விவரம் அது. யார் அதைப் படித்தார்கள்?

பூங்கா நிர்வாகத்தினரே, உங்களிடமும் இதே குறைதான். சவாரிப் பெட்டிக்கு நானாக மாறி உட்கார வேண்டும், பழுதானால் இறங்கி வெளியேற வழி வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. அதை வரிசையின் கடைசியில், என் மகள் உள்ளே கால் வைத்தபிறகா சொல்வது? அதுவும் என்னிடம் சொல்லாமல், "இவரால் நிற்க முடியுமா?" என்று அவளிடம் கேட்டார் உங்கள் ஊழியர். எனக்குக் காது கேட்கிறது, வாய் பேசுகிறது. வேறொரு சவாரியில் ஏற முடிந்தது. இறங்கும் இடம் வேறாக இருந்தது. நாற்காலியை அங்கே கொண்டுவர யாரும் இல்லை. பின்னால் வந்தவர்கள் இறங்கக் காத்திருக்க, நான் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை நடமாட்டத்தையும் பொழுதுபோக்கையும் உரிமைகளாகவே சொல்கிறது. அமெரிக்காவில் விமான நிறுவனங்கள் உடைத்த, தொலைத்த, தாமதித்த சக்கர நாற்காலிகள், ஸ்கூட்டர்களின் கணக்கை அரசே வெளியிடுகிறது. 2023இல் அது 11,000ஐத் தாண்டியது. உங்கள் கணக்கு என்ன? எந்த நாட்டில் விமானம் ஓட்டினாலும் அதை வெளியிடுங்கள்.

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்று நினைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். எங்கள் நாற்காலியை எங்களிடமிருந்து வாங்கினால், வாங்கிய நிலையிலேயே, நாங்கள் இறங்கும் இடத்திலேயே திருப்பித் தாருங்கள். விமானமானால் அதன் வாசலில். சவாரியானால் இறங்கும் மேடையில். ஏற்றி இறக்குவோருக்கு நாற்காலியைக் கையாளப் பயிற்சி கொடுங்கள். ஒவ்வொரு சவாரிக்கும் இருக்கையின் உயரம், இடைவெளி, வெளியேறும் முறை ஆகியவற்றை டிக்கெட் வாங்கும் முன்பே எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். இவற்றை எப்போது செய்வீர்கள் என்று தேதியோடு பதில் எழுதுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சக்கர நாற்காலியில் பயணிக்கும் ஒருவன்