தாழ்ப்பாள் இல்லாத பரிசோதனை அறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்கள் வராததற்கு விழிப்புணர்வு இல்லாமையே காரணம் என்று தங்கள் இதழில் எழுதியிருந்தார்கள். கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவள் என்ற முறையில் இதை முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சென்ற மாதம் என் தம்பி மனைவியை ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். வாசலில் 'புற்றுநோய் கண்டறியும் முகாம்' என்று பத்தடிக்கு பேனர். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரை வாயால் சொல்லக்கூட மாட்டார்கள். 'அந்த நோய்' என்பார்கள். எதிரே டீக்கடை. ஊர் ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க யார் உள்ளே நுழைவார்கள்? நுழைந்தாலும், பரிசோதனை அறைக் கதவில் தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. மறைப்புக்கு ஒரு பச்சைத் திரை. மின்விசிறிக் காற்றில் அது விலக விலக, மாத்திரை வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு மேசையின் கால்மாட்டுப் பக்கம் தெரிந்தது. "இன்னொரு நாள் வரலாம் அண்ணி" என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள்.

பரிசோதனை என்னவோ எளிமையானதுதான். நீர்த்த அசெட்டிக் அமிலத்தை (வினிகரில் இருப்பதுதான்) பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்போம். செல்கள் மாறியிருக்கும் இடம் வெளுத்துத் தெரியும். வெளுத்தாலே புற்றுநோய் என்று பொருளில்லை. அந்த மாறுதல் புற்றாக முற்ற பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் பிடித்துவிட்டால் பலருக்கு அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ சுட்டோ அகற்றிவிடலாம். எங்கள் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களிலேயே 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதை ஆராய்ந்தார்கள். ஒரே ஒரு முறை பரிசோதித்ததிலேயே இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் லான்செட் மருத்துவ ஆய்விதழில் வெளியானது.

மாதவிலக்கு நின்று நான்கு வருடம் கழித்துத் திட்டுத் திட்டாக இரத்தம் பட்டதை, 'உடம்புச் சூடு' என்று வெந்தயம் தின்றே ஓட்டிய ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது அறுவை சிகிச்சைக்கு உரிய கட்டம் தாண்டியிருந்தது. அவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது? ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்ன நானே முதன்முதலில் பரிசோதித்துக்கொண்டது 47 வயதில். வெட்கம்தான், வேறென்ன.

பேனரில் 'பெண்கள் நலப் பரிசோதனை' என்று எழுதினால் போதும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பிய பிறகு, மாலையில் நடத்தினால் இன்னும் நல்லது. தாழ்ப்பாளை நானே வாங்கிக் கொடுத்துவிட்டேன், 60 ரூபாய். மாட்டுவதற்கு ஆள் இன்னும் வரவில்லையாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.