வாய்க்கால் வெட்டியவரும் உன் இரவு இரண்டு மணியும்

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று நீ கூப்பிட்டபோது இங்கே காலை ஆறரை மணி. டப்ளினில் அப்போது இரவு இரண்டு. உன் வேலையில் நடந்ததைக் காட்டிலும் அந்த இரண்டு மணிதான் என்னை உறுத்துகிறது. போனில் நான் அதிகம் பேசவில்லை. அழுகிற பிள்ளையிடம் அந்த நேரத்தில் புத்தி சொல்வது எனக்குப் பிடிக்காது. இன்று மஞ்சள் காட்டில் களை வெட்டு முடிந்து ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நிதானமாக எழுதுகிறேன், நிதானமாகப் படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் நீ உழைத்து எழுப்பிய வேலையை இன்னொருவர் மேடையேறித் தன் வேலையாகச் சொன்னது அநியாயம். "எல்லாம் நன்மைக்கே, விட்டுத்தள்ளு கண்ணு" என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே நம் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேரை வாய் திறக்க விடாமல் செய்திருக்கிறோம். உன் மேலதிகாரிக்குக் கடிதம் எழுது. எந்தப் பகுதியை எப்போது நீ செய்தாய், அது யார் யாருக்குத் தெரியும் என்பதைத் தேதியோடு எழுது. கடுஞ்சொல் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். உரிமையைக் கேட்பதில் ஆணவம் எதுவும் இல்லை.

எனக்குக் கவலையெல்லாம் அந்தக் கடிதத்துக்குப் பிறகு வரும் இரவுகளைப் பற்றித்தான். கண்ணை மூடினால் அந்த மேடை வருகிறது என்றாய். அவர் பேசுகிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள், நீ மனதுக்குள் எழுந்து நின்று பதில் சொல்கிறாய். அடுத்த முறை இன்னும் கூர்மையான பதில். அதற்கடுத்த முறை அதைவிடக் கூர்மையாக. இந்த நோயை நான் நம் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவன்.

உன் அப்பாரு, அதாவது என் அப்பா, கதை உனக்கு முழுதாகத் தெரியாது. ஊர்க் கோயில் பொங்கலில் முதல் பரிவட்டம் பரம்பரையாக நம் வீட்டுக்குத்தான். ஒரு வருடம் பங்காளி வீட்டாருக்கு முதலில் கட்டிவிட்டார்கள். ஏன் அப்படி நடந்தது என்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அன்றிலிருந்து அப்பாரு அந்தக் கோயில் படியை மிதிக்கவில்லை. பொங்கல் இரவில் ஊரே கம்பத்தைச் சுற்றி நிற்கும். இவர் மட்டும் வீட்டு ஆசாரத்தில் உட்கார்ந்திருப்பார். தூரத்தில் தப்பட்டைச் சத்தம் மாற மாற, "இப்போது தீர்த்தம் வந்திருக்கும், இப்போது அவன் தலையில் கட்டியிருப்பார்கள்" என்று சத்தத்தை வைத்தே கணக்குப் போடுவார். அப்போது நீ சின்னக் குழந்தை. அவர் மடியில் உட்கார்ந்து மாவிளக்கு மாவைத் தின்றுகொண்டு ஏதேதோ பேசிக்கொண்டிருப்பாய். நீ பேசியதில் ஒரு சொல்கூட அவர் காதில் விழுந்திருக்காது. உன்மேல் உயிரையே வைத்திருந்தவர் அவர். அந்த இரவில் மட்டும் அவர் அங்கே இல்லை.

பரிவட்டம் ஒரு முழத் துணி. அது போனதால் அவருக்கு நஷ்டம் என்று சொல்ல எதுவும் இல்லை. மடியில் இருந்த பேத்தியின் பேச்சு போனதுதான் நஷ்டம்.

'நான்' என்ற நினைப்பு நேற்றையும் நாளையையும் தின்றே உயிர் வாழ்கிறது என்று அப்பாருவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "என்னை இப்படிச் செய்துவிட்டார்களே" என்றால் அது நேற்று. "நான் யார் என்று காட்டுகிறேன் பார்" என்றால் அது நாளை. இந்த நிமிடத்தில், மாவு ஒட்டிய குழந்தைக் கையின் எதிரில், அந்த நினைப்புக்கு வேலையே இல்லை. அதனால்தான் ஆணவத்தை விடுவது ஒரு பாடம், இந்தக் கணத்தில் இருப்பது இன்னொரு பாடம் என்று யாராவது பிரித்துச் சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

உன் அலுவலகத்தில் மனதை ஒருமுகப்படுத்த வகுப்பு நடத்துகிறார்கள் என்றாய். போ. நல்லதுதான். 1979இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் ஒரு பயிற்சியாகத் தொடங்கியதிலிருந்து கிளைத்தவை இந்த வகுப்புகளில் பல. மருந்துக்கு அடங்காத நாள்பட்ட வலியோடு வந்தவர்களை அவர் உட்கார வைத்து, மூச்சையும் உடம்பையும் கவனிக்கச் சொன்னார். வலியோடு சண்டை போடாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்கு மூலம் புத்தர் காலத்து மூச்சுக் கவனிப்பு. ஆனால் உன் அலுவலகத்தில் அதைச் சொல்லித் தருவது, மனம் அமைதியானால் வேலை இன்னும் கூடுதலாக நடக்கும் என்பதற்காக என்றே எனக்குத் தோன்றுகிறது. மூச்சைக் கவனி என்பார்கள். காயம் பட்டது யாருக்கு என்று பார்க்கச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கேள்வியை நீயாகத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதை எனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தது வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலைப் பயிற்சி. அவர் 1911இல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவர். 1984இல் நம் ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயிலை நிறுவினார். அவர் கண்ணை மூடச் சொன்னதோடு நிற்கவில்லை, நோட்டையும் பேனாவையும் எடுக்கச் சொன்னார். அகத்தாய்வு என்று அதற்குப் பெயர். எண்ணத்தை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினம் தவிர்ப்பது, கவலை ஒழிப்பது என்று வரிசையாகப் போய்க் கடைசியில் 'நான் யார்' என்பதில் முடியும். கணக்கு வழக்கு பார்த்தே பழகிய விவசாயியான எனக்கு இது பிடித்துப்போனது. தினமும் இருட்டும் முன்பு எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு என் நோட்டைப் பார்க்க ஆசை, நான் காட்டுவதில்லை.

கவலைகளை அவர் நான்காகப் பிரிப்பார். உன்னுடையதை நானே பிரித்துப் பார்த்தேன். உடனே தீர்க்க வேண்டியது உன் கடிதம். அனுபவித்தே தீர வேண்டியது, அந்த மனிதரோடு இன்னும் சில மாதம் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பது. தள்ளிப்போட வேண்டியது வேறு வேலை தேடுவதா என்ற யோசனை. அலட்சியம் செய்ய வேண்டியது, யார் என்ன நினைத்திருப்பார்கள் என்பது. நான்கில் இது ஒன்றுதான் உன்னைத் தூங்க விடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். நீ உன் கையால் எழுதிப் பிரித்துப் பார். என் பிரிப்பு தவறாக இருக்கலாம், உன் மனம் உனக்குத்தான் தெரியும்.

எழுதி முடித்த பிறகும் அந்த மேடை வரும். வரும்போது அதோடு வாதாடாதே. பதில் தேடாதே. உடம்பில் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார். உனக்குத் தாடையில் இருக்கும், சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் பல்லைக் கடிப்பாய். தாடையைத் தளர்த்திவிட்டு, மூச்சு போவதையும் வருவதையும் பார். "இது நேற்று" என்று ஒரு தடவை சொல்லிக்கொள். படுக்கையில் கிடந்து இதைச் செய்ய முடியாவிட்டால் எழுந்துபோய் இரவுப் பாத்திரங்களைக் கழுவு. தண்ணீரின் சூடு, சோப்பின் வழுக்கல், தட்டின் விளிம்பு இவற்றில் கை இருக்கட்டும்.

இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது மஞ்சள் வேகவைக்கும் வேலையால். இப்போது நீராவி இயந்திரம் வந்துவிட்டது. நான் பழகியது கொப்பரையில். மஞ்சளைக் கொட்டித் தண்ணீர் விட்டுத் தீ போட்டால், நுரை எழும்பும் வரைக்கும், வாசனை மாறும் வரைக்கும் அடுப்பை விட்டு நகர முடியாது. குச்சியால் ஒரு விரலி மஞ்சளைக் குத்திப் பார்க்க வேண்டும், விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வேக்காடு குறைந்தாலும் கெட்டது, கூடினாலும் கெட்டது. ஒன்பது மாதம் காட்டில் கிடந்த பயிர் அந்தச் சில நிமிடங்களில் வீணாகிவிடும். ஈரோட்டில் இந்த வருடம் என்ன விலை போகும் என்ற நினைப்பு விவசாயியின் மண்டையில் ஓயாமல் ஓடும். கொப்பரை ஓரத்தில் மட்டும் எனக்கு அது வந்ததே இல்லை. விலை நினைப்பு இல்லாமலும் நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அங்கேதான் கண்டேன்.

மனம் நழுவிப் போகும். போனால் உன்னையே திட்டிக்கொள்ளாதே. ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடி சிவன் கோயிலுக்குப் போயிருந்தோம். அந்தச் சன்னதியில்தான் சுந்தரர், நான் உன்னை மறந்தாலும் என் நாக்கு உன் பெயரைச் சொல்லும் என்று சிவனிடம் பாடினார். அவ்வளவு பெரிய அடியாரே மறதியைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் பாடுகிறார். மறந்துபோவதை நீ ஒரு தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை. நினைவு வந்த நொடியில் திரும்பிவிட்டால் போதும்.

இன்னொன்று. உன் பெயர் வராமல் போனது பற்றி.

நம் காட்டுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைக் காலிங்கராயன் என்ற கொங்கு நாட்டுத் தலைவர் 1271இல் தொடங்கி 1283இல் முடித்ததாகச் சொல்வார்கள். பவானியில் அணை கட்டி, நொய்யல் வரைக்கும் சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து கொண்டுவந்தார். பன்னிரண்டு வருட உழைப்பு. முடிந்ததும், தன் குடும்பத்துக்காகவே வெட்டிக்கொண்டார் என்ற பேச்சு வரக்கூடாது என்று, தானும் தன் வம்சமும் இந்தத் தண்ணீரைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்பது நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை.

நீ கெட்டிக்காரி, உடனே கேட்பாய்: "ஊர்ப்பேச்சுக்குப் பயந்தாரே, அதுவும் 'நான்' தானே அப்பா? போதாததற்கு அவர் பெயர்தானே வாய்க்காலுக்கு நின்றுவிட்டது?" கேட்கலாம். நானும் கரையில் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறேன். ஊர் என்ன சொல்லும் என்று அவருக்கும் உறுத்தியிருக்கலாம், மனிதர்தானே. ஆனால் அந்த உறுத்தலோடு அவர் கரையில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் நான் வெட்டியது, நான் வெட்டியது என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எழுந்து போய்விட்டார். பெயர் நின்றதற்கு அவர் காவல் இருக்கவில்லை. அவர் இருந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் மடை திறந்தால் என் பாத்தியில் தண்ணீர் இப்படித்தான் ஏறியிருக்கும்.

உன் வேலையும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றாய். அதைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். செய்தபோது உனக்கிருந்த சந்தோஷம் எனக்கு நன்றாகத் தெரியும். போன மார்கழியில் இங்கே வந்திருந்தபோதுகூட ராத்திரி உட்கார்ந்து செய்தாய், சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்கவில்லை. அப்போது உனக்குள் பெயர் எங்கே இருந்தது? அந்த மேடையில் பெயரை எடுத்துக்கொண்டவரால் அந்த ராத்திரிகளை எடுத்துக்கொள்ள முடியாது.

இதை எழுதியதால் நீ கடிதம் எழுதாமல் இருந்துவிடாதே. இந்த வாரத்துக்குள் அனுப்பு. அனுப்பும் முன் எனக்கு வேண்டாம், உன் தோழி அங்கே இருக்கிறாளே, அவளிடம் ஒரு தடவை காட்டு. பதில் எப்படி வந்தாலும் எனக்குச் சொல்.

பத்து நாள் மௌனத் தியானத்துக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போ, ஆனால் தூக்கம் கொஞ்சம் சீரான பிறகு போ. தூங்காத உடம்போடு பத்து நாள் உட்காருவது கஷ்டம். இரண்டு வாரத்துக்குப் பிறகும் தூக்கம் வராவிட்டால் டாக்டரைப் பார்த்துவிடு. அதை ஒத்திப்போடாதே.

காட்டில் ஊடுபயிராக வைத்த சின்ன வெங்காயம் இன்னும் சில நாளில் பறிக்கத் தயாராகிவிடும். உன் அம்மா வடகம் போட்டு அனுப்புவதாகச் சொல்கிறாள். முகவரி பழையதுதானா என்று அவளிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா