மலிவு விலை பைக் அலாரம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பலர், "அண்ணே, இருக்கிறதிலேயே விலை குறைந்த அலாரம் ஒன்று மாட்டிவிடுங்க" என்பார்கள். அந்த ரக அலாரத்தை இனி விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். ஏன் என்று சொல்கிறோம்.

முதல் காரணம் ரிமோட். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரே குறியீடுதான் போகிறது. கடையில் நகலெடுக்கும் ரிமோட் ஒன்று வைத்திருக்கிறோம். உங்கள் ரிமோட்டை அதன் பக்கத்தில் வைத்து அழுத்துங்கள். சில நொடிகளில் அது கற்றுக்கொண்டு உங்கள் அலாரத்தை அணைத்துவிடும். வந்தால் உங்கள் கண்முன்னாலேயே செய்து காட்டுகிறோம். ரோலிங் கோட் உள்ள ரிமோட்டில் குறியீடு ஒவ்வொரு முறையும் மாறும், அதை இப்படி நகலெடுக்க முடியாது.

அப்புறம் பேட்டரி. வண்டி சும்மா நிற்கும்போதும் அலாரம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். 10 மில்லி ஆம்பியர் இழுத்தால், 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஏறக்குறைய 20 நாளில் காலி. ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பினால் செல்ஃப் எடுக்காது. 3 மில்லி ஆம்பியர் என்றால் இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கும்.

போன மழையில் வேளச்சேரியிலிருந்து ஒரு வண்டி தள்ளிக்கொண்டு வந்தார்கள். சீட்டுக்கு அடியில் இருந்த அலாரப் பெட்டியைத் திறந்தால் உள்ளே தண்ணீர், போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. ஒயர்களை முறுக்கி வெறும் டேப் சுற்றியிருந்தார்கள், ஃபியூஸ் இல்லை. இக்னிஷனைத் துண்டித்து இன்ஜினை நிறுத்தும் ரிலே என்கிற சுவிட்சும் அதே பெட்டிக்குள்தான். அது கத்திப்பாரா மேம்பாலத்தில் போகும்போது செயலிழந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யும் வசதியையும் தயவுசெய்து கேட்காதீர்கள். கியரில் நிற்கும் வண்டி ஸ்டார்ட் ஆனால் பாய்ந்துவிடும். பக்கத்தில் குழந்தை நிற்கலாம்.

கையில் பணம் குறைவாக இருந்தால் நல்ல டிஸ்க் லாக் ஒன்று வாங்குங்கள், ஹேண்டில் லாக்கையும் மறக்காமல் போடுங்கள். எங்களுக்கு லாபம் குறைவுதான், பரவாயில்லை.

ஏற்கெனவே எங்களிடம் மலிவு அலாரம் மாட்டியவர்கள் ரிமோட் இரண்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒயரிங்கைச் சோதித்து, ஃபியூஸ் இல்லாவிட்டால் போட்டுத் தருகிறோம். காசு வேண்டாம்.