கோரிக்கை மனு: எங்கள் அல்லூரில் (ஓடையில்) சாய்ந்து நிற்கும், தண்ணீர் அளக்கும் ஃபுளூமை நேராக்கித் தாருங்கள்

பெறுநர்:
மாவட்டப் பொறியாளர் அவர்கள்,
வடிகால், நீர்ப்பாசனத் துறை.

அனுப்புநர்:
அல்லூர் ஓரக் காய்கறித் தோட்டக்காரர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வெளியே, முன்பு பால்மரம் (ரப்பர்) நின்று இப்போது செம்பனையாகிவிட்ட தோட்டத்தை ஒட்டி, அல்லூர் ஓரமாகக் கீரை, வெண்டை, பயற்றங்காய், மிளகாய் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் நாங்கள். இந்த மனுவோடு மலாயில் எழுதிய கடிதமும் வைத்திருக்கிறோம், அலுவலகக் கோப்புக்கு அது போதும். தமிழிலும் எழுதியதற்குக் காரணம், கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரும், எங்கள் பெரியவர்கள் உட்பட, என்ன எழுதியிருக்கிறது என்று தாங்களே படித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும் என்பதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளக்க மதகுக்குக் கீழே, நடுவே குறுகும் தொண்டை ஆறு அங்குல அகலமுள்ள ஃபைபர்கிளாஸ் பார்ஷல் ஃபுளூம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அது சாய்ந்து நிற்கிறது, கீழ்ப்பக்கம் தண்ணீர் தேங்கி மூழ்கியும் கிடக்கிறது. அதனால் உண்மையில் ஓடுவதைவிட அதிகமாக ஓடுவதாகக் காட்டுகிறது. அந்த எண்ணை வைத்து, நாங்கள் பங்குக்கு மேல் எடுக்கிறோம் என்று சொல்லி மதகுப் பலகையை அரைச் சாண் இறக்கிவிட்டார்கள். தைப்பூசம் முடிந்த கையோடு வெயில் ஏறிவிட்டது, கடைசி வரப்பில் இருக்கிறவர்களுக்குச் சாயங்காலம் ஆனால் வாய்க்காலில் ஈரம் மட்டும்தான். இதெல்லாம் நீங்கள் இந்த மாவட்டத்துக்கு வருவதற்கு முன்னால் நடந்தது என்பது தெரியும். யார் மேலேயும் பழி போட எழுதவில்லை. ஃபுளூம் சரியாக வேண்டும், அவ்வளவுதான்.

அதை எடுத்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அளவு வேண்டும் என்று கேட்டதே நாங்கள்தான். மேலே தோட்டத்துச் செம்பனை நாற்றங்கால் இருக்கிறது, அவர்களுக்கும் இதே அல்லூர்த் தண்ணீர்தான். முன்பெல்லாம் வறட்சி வந்தால் யார் எடுத்தது, யார் அடைத்தது என்று ராத்திரியில் டார்ச் லைட்டோடு கரையில் நின்று சத்தம் போட்டிருக்கிறோம். இன்னாருக்கு இவ்வளவு என்று ஓர் எண் இருந்தால் சண்டை இருக்காது என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டோம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தராசின் அருமை தெரியும். என் அம்மாவும் அப்பாவும் பால் வெட்டியவர்கள். வாளியைக் கொட்டகையில் வைத்துவிட்டு, கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எடை நிறுத்து, பாலின் கெட்டியைக் காட்டும் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் பார்த்து எழுதுகிற வரைக்கும் அம்மா அந்த முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். அந்த எண்தான் அந்த நாள் கூலி. இந்த ஃபுளூமின் எண்ணும் எங்களுக்கு அப்படித்தான்.

நான் செம்பனை ஆலையில் பல வருஷம் கழிவுநீர்க் குளங்களைப் பார்த்துக்கொண்டவன். சுத்தம் செய்த தண்ணீர் கடைசியாக வெளியேறுகிற இடத்தில் அங்கேயும் இதே மாதிரி ஒரு ஃபுளூம்தான் இருந்தது. காலையில் முதல் வேலையாக ஈர்க்குத் துடைப்பத்தால் அதன் உள்சுவரைத் தேய்த்துவிட்டுத்தான் அளவு எழுதுவோம். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துதான் எழுதுகிறேன். உங்கள் துறை 1932-லிருந்து இந்த நாட்டில் தண்ணீரை அளந்துகொண்டிருக்கிறது, உங்களுக்குச் சொல்லித்தர வரவில்லை. எங்கள் ஆட்கள் புரிந்துகொள்ளவும், இடத்தைப் பார்க்க வருகிற டெக்னீஷியன் தம்பிக்கு உதவியாகவும் விவரமாக எழுதுகிறேன்.

பார்ஷல் என்ற அமெரிக்கப் பொறியாளர் கொலராடோவில் பாசன வாய்க்கால்களுக்காக உருவாக்கியது இது, 1922-இல் காப்புரிமை வாங்கினார். தண்ணீரைக் குறுகலான தொண்டைக்குள் நுழையவைத்து, அங்கே தரையைச் சரித்து வேகப்படுத்தி, பிறகு விரித்து வெளியே விடுகிறது. குறுகுகிற பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தண்ணீரின் உயரத்தை மட்டும் படித்தால் போதும், ஓட்டம் எவ்வளவு என்று அட்டவணை சொல்லிவிடும். வண்டல் தங்காமல் அடித்துக்கொண்டு போய்விடும், எங்கள் அல்லூர் மாதிரி மழைக்குத் தேத்தண்ணி நிறத்தில் ஓடுகிற தண்ணீருக்கு ஏற்றது. ஃபைபர்கிளாஸ் என்பதால் துரு கிடையாது, உள்பக்கம் வழவழப்பு, இரண்டு பேர் தூக்கிவிடலாம். எங்களுக்கு வைத்த சாமான் நல்ல சாமான். வைத்த விதம்தான் தப்பு.

ஆறு அங்குல ஃபுளூமில் அளவுகோல் 20 செண்டிமீட்டர் காட்டினால், தண்ணீர் தடையில்லாமல் விழுகிறபோது, வினாடிக்குச் சுமார் 30 லிட்டர். அதே கோல் 21 காட்டினால் சுமார் 32.4 லிட்டர். ஒரே ஒரு செண்டிமீட்டர்தான், ஒரு விரல் கனம்கூட இல்லை, ஆனால் ஒரு நாள் முழுக்கக் கணக்குப் போட்டால் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் வித்தியாசம். இப்போது எங்கள் ஃபுளூமில் நுழைவுப் பக்கம் ஒரு முழத்துக்கும் குறைவான அகலம், அதற்குள் இடது பக்கம் 12 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. அளவுகோல் ஒட்டியிருப்பதும் அந்த இறங்கிய பக்கத்துச் சுவரில்தான். மதகை முழுக்க அடைத்துவிட்டு, உள்ளே தண்ணீர் வற்றியதும் துணியால் துடைத்து, ரசமட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன், குமிழி வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பக்கத்துப் பாத்திக்காரரின் பேரன் தன் கோலியை நடுத்தரையில் வைத்தான், அது நேராக உருண்டு இடது சுவரில் தட்டி நின்றது. அங்கே இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

ஏன் இப்படி ஆனது என்பதும் தெரியும், வைத்த அன்று நான் கரையில் நின்றேன். வேலையை எடுத்த குத்தகையாளரின் ஆட்கள் காலையில் வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டுப் போனார்கள். ஃபுளூம் லேசான பொருள், ஈரக் கான்கிரீட்டில் படகு மாதிரி மிதக்கும். அதனால் உள்ளே கட்டைகளைக் குறுக்கே முட்டுக்கொடுத்து, கீழே நன்றாகப் பிணைத்து, இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கான்கிரீட் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறை ஊற்றிய பிறகும் மட்டம் பார்க்க வேண்டும். அவர்கள் வலது பக்கம் ஒரேயடியாகக் கொட்டினார்கள். முட்டுக்கட்டை இல்லை. அந்தப் பக்கத்துச் சுவர் தொண்டைக்கு அருகே உள்நோக்கி லேசாக வளைந்திருப்பதைக் கையை வைத்தாலே உணரலாம். கீழே மண்ணையும் திமிசு போடவில்லை, முதல் அடைமழைக்கே ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது.

இதைவிடப் பெரிய கோளாறு கீழ்ப்பக்கம். இந்த அளவு ஃபுளூமுக்கு, தொண்டைக்குக் கீழே நிற்கிற தண்ணீரின் உயரம், மேலே படிக்கிற உயரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் தண்ணீர் விழாது, பின்னால் தேங்கி மேல் அளவையும் தூக்கிக் காட்டும். மேலே 20 என்றால் கீழே 12-க்குள் இருக்க வேண்டும். எங்களிடம் அதே மட்டத்திலிருந்து அளந்தால் 18 நிற்கிறது. காரணம், ஃபுளூமை வாய்க்கால் தரைக்கு ஏற்ற உயரத்தில் வைக்காமல் பள்ளமாகப் பதித்துவிட்டார்கள். அதோடு கொஞ்ச தூரத்தில் தோட்டத்து லோரிப் பாதைக்கு அடியில் இருக்கிற குழாயில் செம்பனை மட்டையும் சேறும் அடைத்துக்கொள்கிறது. பக்கத்துப் பிளாக்கில் மறுநடவு நடக்கிறது, பழைய மரங்களைச் சாய்த்து மண்ணைத் திறந்து போட்டிருப்பதால் ஒவ்வொரு மழைக்கும் சேறு கூடுதலாக வருகிறது.

குழாயைத் தாண்டினால் சிமெண்டு பூசிய நேரான வாய்க்கால் இருக்கிறது. அங்கே பத்து மீட்டருக்குக் கயிறு கட்டி, காய்ந்த ஆரஞ்சுத் தோலை மிதக்கவிட்டு நேரம் பார்த்தோம். பல தடவை விட்டுச் சராசரி எடுத்ததில் 36 வினாடி. வாய்க்கால் 60 செண்டிமீட்டர் அகலம், தண்ணீர் 15 ஆழம், மேல்வேகத்தில் 85 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் வினாடிக்குச் சுமார் 21 லிட்டர். அதே நேரத்தில் ஃபுளூம் 30 என்று காட்டியது. எங்கள் கணக்கு தோராயமானது, கரைக்காரர்கள் கயிறும் கைக்கடிகாரமும் வைத்துப் போட்டது, ஒத்துக்கொள்கிறேன். உங்கள் ஆட்கள் ஓட்டமானியோடு வந்து பார்த்துச் சொல்லட்டும், அந்த எண்ணை ஏற்றுக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஃபுளூமின் வலது ஓரத்தில் நண்டு தோண்டிய இடம் பெரிதாகி, கொஞ்சம் தண்ணீர் ஃபுளூமுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் ஊறிப் போகிறது. அது அளவில் சேராத தண்ணீர், எங்களுக்குச் சாதகமானது. அதையும் அடைக்க வேண்டும்.

நாங்கள் கேட்பது இதுதான். ஃபுளூமைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை உடைத்து, அதே ஃபுளூமை வெளியே எடுங்கள், புதிது வாங்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். வளைந்த சுவர் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று தொண்டையின் அகலத்தை மேலும் கீழும் அளந்து பார்க்கட்டும், திரும்பாவிட்டால் மட்டும் மாற்றுங்கள். வெயிலில் மேல்பூச்சு போய் நார் தெரிகிற இடம் உள்ளங்கை அளவு ஒன்று இருக்கிறது, ரெசினும் கண்ணாடி நார்ப்பாயும் வைத்து ஒட்டித் தேய்த்தால் போதும். திரும்ப வைக்கும்போது தரையை உயர்த்தி, நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் மட்டம் பார்த்து வைக்க வேண்டும். உயர்த்தினால் மேல்பக்கம் தண்ணீர் ஏறும், அந்தக் கரையையும் ஒரு சாண் தூக்க வேண்டிவரும். இரண்டு பக்கமும் மண்ணுக்குள் நன்றாக இறங்குகிற இறக்கைச் சுவர் வேண்டும், பக்கவாட்டு ஊறல் அப்போதுதான் நிற்கும். மதகிலிருந்து வருகிற தண்ணீர் ஒரு வளைவில் திரும்பி ஒரு சுவரில் மோதிக்கொண்டு நுழைகிறது, அதை நேராக்கி, அமைதியாக வந்து சேருகிற மாதிரி செய்து கொடுங்கள். பிற்காலத்தில் துறை சென்சார் மாட்டினாலும், தரை சாய்ந்திருந்தால் அது சொல்வதும் தப்பாகத்தான் இருக்கும்.

அப்புறம் பராமரிப்பு. வைத்த நாளிலிருந்து இதைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. அளவுகோலின் முதல் பத்து செண்டிமீட்டர் பாசி பிடித்து எண்ணே தெரியவில்லை. வாரத்துக்கு ஒரு முறை தேய்ப்பது, மட்டை எடுப்பது, குழாய் வாயைச் சுத்தம் செய்வது எல்லாம் இனி நாங்கள் முறை வைத்துச் செய்கிறோம், கோத்தோங் ரோயோங் (எல்லோரும் கூடிச் செய்யும் பொதுவேலை) எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் கைக்கு மீறியது மூன்று: வருஷத்துக்கு ஒரு தடவை சர்வே கருவியோடு வந்து மட்டம் சரிபார்ப்பது, கோலின் பூச்சியம் தரையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, தோட்டத்து நிலத்தில் இருக்கிற குழாயை அகலப்படுத்தும்படி அவர்களிடம் பேசுவது. அளவெடுக்கிற அன்று நாற்றங்கால் தரப்பில் ஒருவர், எங்கள் தரப்பில் ஒருவர் நின்று ஒரே நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடவும் ஏற்பாடு செய்யுங்கள்.

ஏப்ரல் மழை பிடித்துவிட்டால் கான்கிரீட் வேலைக்கு வாய்க்காலை அடைத்துவைக்க முடியாது. இப்போது தண்ணீர் குறைவு, வேலைக்கு ஏற்ற காலம். மண் மூட்டை போட்டு வாய்க்காலைத் திருப்பிவிட ஆட்களை நாங்களே தருகிறோம். அதுவரைக்கும் இந்த ஃபுளூமின் எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம், இறக்கிய மதகுப் பலகையைப் பழைய இடத்துக்கு ஏற்றித் தாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். மிளகாய் பூ எடுக்கிற நேரம், இந்த இரண்டு வாரம் தண்ணீர் காட்டாவிட்டால் பூ கொட்டிவிடும்.

காலை ஏழரைக்கு மேல் எந்த நாள் வந்தாலும் மதகடியில் எங்களில் ஒருவர் இருப்பார். மழை பெய்திருந்தால் லோரிப் பாதையில் வண்டி புதைந்துவிடும், பழைய பால் கொட்டகைப் பக்கமாக வாருங்கள். ரசமட்டமும் கயிறும் எடுத்துவைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
அல்லூர் ஓரத் தோட்டக்காரர்கள் சார்பாக,
கையெழுத்துப் பட்டியல் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது.