ஆறுமணிக்குருவி கூப்பிடும் நேரத்தில் மலைக்குள் நடக்க அனுமதி வேண்டி மனு

அனுப்புநர்:
பறவை பார்க்கச் செல்லும் பெற்றோர், மாணவர்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை,
பூதப்பாண்டி, தோவாளை வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
கன்னியாகுமரி வனக்கோட்டம்,
நாகர்கோவில்.

பொருள்: மலையடிவாரக் காட்டுப் பாதைகளில் டிசம்பர் முதல் மார்ச் வரை, வாரம் இரண்டு நாள், காலை ஆறு மணிக்கே சிறு குழுக்களாகப் பறவை பார்க்க நடந்து செல்ல அனுமதிப்பதும், காணிப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்துவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், நாகர்கோவில் பகுதிகளில் இருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கப் போகும் சில குடும்பங்கள். சங்கம் எதுவும் வைத்திருக்கவில்லை. தேரூர் குளத்திலும் மணக்குடிக் காயலிலும் நின்று பார்க்கப் பழகி, வனத்துறை நடத்தும் பறவைகள் கணக்கெடுப்பிலும் தன்னார்வலர்களாகப் போய்வந்தவர்கள் எங்களில் உண்டு. குளத்துப் பறவைகள் எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம். கூழைக்கடாவையும் மஞ்சள்மூக்கு நாரையையும் தூரத்தில் பார்த்தே பெயர் சொல்லிவிடுவார்கள். அந்தக் குளத்துக் கரையில் நின்று வடக்கே பார்த்தால் மலை தெரிகிறது. ஆனால் மலைப் பறவைகளில் பத்துக்குக்கூட அவர்களுக்குப் பெயர் தெரியாது. இந்த மனுவை எழுத வைத்தது அதுதான்.

கடந்த மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, எட்டுப் பிள்ளைகளும் மூன்று பெரியவர்களுமாக மலையடிவாரச் சோதனைச் சாவடி ஒன்றுக்கு விடியும் முன்பே போய்ச் சேர்ந்தோம். எந்தச் சாவடி என்று இங்கே எழுதவில்லை. அங்கே பணியில் இருந்தவர் தமக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தார், மரியாதையாகவும் பேசினார். நேரமாகாமல் உள்ளே விட முடியாது என்றார். சரி என்று சாலையோரம் பாய் விரித்து உட்கார்ந்தோம். இருட்டு விலகும்போது தடுப்புக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரையில் இருந்து சீகாரப் பூங்குருவி பாட ஆரம்பித்தது. யாரோ ஒரு பையன் தனக்குத் தோன்றிய மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டே நடந்து போவதுபோல இருக்கும் அந்தப் பாட்டு. பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் புதருக்குள் இருந்து ஆறுமணிக்குருவி இரண்டு குரல் கொடுத்தது. பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும்தான் அது அதிகமாகக் கூப்பிடும். ஒன்பது நிறம் கொண்ட குருவி அது. வடக்கே கோடையிலும் மழைக்காலத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்துக்கு நம் பக்கம் வருகிறது. எங்களோடு வந்த ஒரு சிறுமி, "டீச்சர், அது பக்கத்திலதான் இருக்கு, பாக்க முடியாதா?" என்று கேட்டாள். முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

தடுப்பு திறந்தபோது வெயில் ஏறிவிட்டது. எங்களோடு சேர்ந்து நான்கு வேன்களும் உள்ளே வந்தன. ஒன்றில் பெரிய ஸ்பீக்கர். ஓடையில் குளிக்க வந்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வெயில் காலத்தில் மலைத் தண்ணீரில் குளிக்க எல்லோருக்கும் ஆசை இருக்கும். ஆனால் காட்டின் நல்ல நேரத்தில் அமைதியாக நடக்க வந்தவர்கள் வெளியே காத்திருந்துவிட்டு, பாட்டுச் சத்தமும் கூட்டமும் வரும் நேரத்தில் அதோடு சேர்ந்து உள்ளே போக வேண்டியிருக்கிறது. அன்றைக்கு நாங்கள் பார்த்தவை இரண்டு கொண்டைக்குருவிகளும், பாறைமேல் பிஸ்கட் பாக்கெட்டைப் பிய்த்துக்கொண்டிருந்த குரங்குக் கூட்டமும்தான்.

ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரைதான் மலையில் பறவை பார்க்கும் நேரம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. வெயில் ஏறினால் பறவைகள் இரை தேடுவதைக் குறைத்துக்கொண்டு இலைகளுக்குள் அடங்கிவிடும். குளத்தில் பத்து மணிக்குப் போனாலும் நாரை நின்ற இடத்தில் நிற்கும். காட்டில் அப்படி இல்லை.

இந்த மலையில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களைவிட நமக்குத்தான் குறைவாகத் தெரிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர். நம் சின்ன மாவட்டத்துப் பரப்பில் கால்பங்குக்குக் கிட்டத்தட்ட வரும். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001இல் அமைந்து, 2016இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. நம் மலைகள் அதன் தென்கோடி. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதால் கடலோரத்தில் பனையும் முள்ளும் இருக்க, ஒரு மணி நேரப் பயணத்தில் பசுமைமாறாக் காடு வந்துவிடுகிறது.

வடசேரியில் அசம்பு ரோடு இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதில் போய்வருகிறோம். நம் மலைத்தொடரான அந்த அசம்பு மலையின் பெயரைத் தாங்கி இரண்டு பறவைகள் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒன்று அசம்பு சிலப்பன், இன்னொன்று அசம்பு சோலைக்கிளி. சோலைக்கிளி என்றாலும் அது கிளி இல்லை, தரையோரம் தத்தித் திரியும் நீல நிறச் சிறு பறவை. மரபணுவையும் குரலையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, இது தனி இனம் என்று 2017இல்தான் அறிவித்தார்கள். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்ந்த சோலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இந்த இரண்டும் இல்லை. 1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்தபோது நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தது. அப்போதே அறிவியலுக்குத் தெரிந்த மலை இது. என் வகுப்பில் படித்த பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனதில் என் பங்கும் உண்டு, அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த உயர்ந்த சோலைகளுக்குப் போக நாங்கள் அனுமதி கேட்கவில்லை. முத்துக்குழிவயல் பக்கத்துப் புல்வெளியும் சோலையும் யாரும் போகாமல் இருப்பதே நல்லது. நாங்கள் கேட்பது அடிவாரத்தை. காளிகேசம், கீரிப்பாறை, மாறாமலை, பேச்சிப்பாறைப் பக்கங்களில், ஏற்கெனவே ஜீப்பும் தொழிலாளர்களும் போய்வரும் பாதைகளில் தாங்களே தேர்ந்தெடுத்துத் தரும் இரண்டு அல்லது மூன்று பாதைகள் போதும். ஒவ்வொன்றும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். அந்த இரண்டு கிலோமீட்டரை மூன்று மணி நேரம் நடப்போம்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியது மிக நல்ல காரியம். ஆனால் மலையேற்றம் வேறு, பறவை பார்ப்பது வேறு. மலையேறுகிறவர் உச்சியை நோக்கிப் போவார். நாங்கள் ஒரு ஆலமரத்தடியில் அரைமணி நேரம் நிற்போம். பழுத்த ஆல் இருந்தால் மலபார் சாம்பல் இருவாச்சியும் மலை மைனாவும் பச்சைப்புறாவும் அங்கேயே வரும். அறுபது வயதுப் பாட்டியும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சேர்ந்து வரக்கூடிய நடை இது.

காணி மக்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். சில வருடங்களுக்கு முன் முறையான அனுமதியோடு நடந்த ஒரு கணக்கெடுப்பில், பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிக் குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்த பெரியவர் எங்களுக்கு முன்னால் நடந்தார். ஓரிடத்தில் நின்று தரையில் கிடந்த சருகைப் பார்த்தார். எச்சம் விழுந்திருந்தது. தலையைத் தூக்காமல் கையை மட்டும் மேலே காட்டினார். கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கொடியில் இரண்டு காய்ந்த இலைகள். இரண்டு நிமிடம் பார்த்த பிறகுதான் அவை இலைகள் இல்லை, தவளைவாயன் சோடி என்று தெரிந்தது. இரவில் பறந்து பூச்சி பிடிக்கும் பறவை அது. பகலில் சோடியாக ஒட்டி உட்கார்ந்து அசையாமல் தூங்கும். நாங்கள் ஏழு பேர், கழுத்தில் பைனாகுலரோடு அதைக் கடந்து போயிருப்போம். அவர் வெறும் கண்ணால் கண்டுபிடித்தார். அதைவிட முக்கியம், பத்து நிமிடத்தில் "போதும், வாங்க" என்று எங்களை நகர்த்திவிட்டார். படம் எடுக்கும் ஆசையில் நாங்கள் நின்றிருந்தால் அவை கலைந்து பறந்திருக்கும்.

இந்த அறிவுக்குக் கூலி கொடுக்க நமக்கு ஒரு வழி வேண்டும் என்பதே என் கோரிக்கையின் நடுப்பகுதி. மோதிரமலை, தச்சமலை, தோட்டமலை போன்ற குடியிருப்புகளின் பிள்ளைகள் படித்துவிட்டுக் கூலி வேலைக்குக் கீழே இறங்குகிறார்கள். கேரளத்தில் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றி உள்ளூர்க்காரர்கள் பறவை காட்டியே வாழ்கிறார்கள், நம் ஊர் ஆட்களும் அங்கே பணம் கொடுத்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பெரியாறில் ஒரு காலத்தில் காட்டுக்குள் மரப்பட்டை உரித்தவர்களே பிறகு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். நம் மலையிலும் அது நடக்க முடியும். நடைக்கு வாங்கும் கட்டணத்தில் வழிகாட்டியின் பங்கு அன்றைக்கே அவர் கையில் சேர வேண்டும். மாதக் கடைசியில் தருகிறோம் என்றால் யாரும் நிலைத்து வரமாட்டார்கள். அரசுப் பள்ளி மாணவர்களிடம் கட்டணம் வாங்காமல் இருந்தால் நன்றியுள்ளவர்களாவோம். அந்தக் குழுக்களுக்கான வழிகாட்டிக் கூலியை எங்கள் குடும்பங்களே பகிர்ந்து கொடுக்கத் தயார்.

யானை பற்றிய கவலையால்தான் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது என்பது புரிகிறது. அதைச் சின்ன விஷயமாக நாங்கள் நினைக்கவில்லை. காட்டுமாடும் கரடியும்கூட விடியற்காலையில் பாதையில் நிற்கக்கூடும். ஆனால் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்கள் இதே மலையடிவாரத் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால். அவர்களுக்கு இல்லாத பாதுகாப்பை எங்களுக்கு மட்டும் கேட்பதாக நினைக்க வேண்டாம். விடியற்காலையில் அங்கே மனிதர் நடமாட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். குழுவுக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். முன்னால் காணி வழிகாட்டி, பின்னால் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர். வெளிச்சம் வந்து பாதை தெளிவாகத் தெரிந்த பிறகே புறப்பட வேண்டும். பாதையில் புது யானைச் சாணம் கிடந்தால் அன்றைய நடை ரத்து. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்காமல் வீட்டுக்குப் போவோம். வழிகாட்டி சொல்வதே முடிவு.

எங்கள் மீதும் கட்டுப்பாடு வேண்டும். கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு நிஜப் பறவையை வரவழைப்பதைத் தாங்கள் எழுத்து மூலமாகவே தடை செய்ய வேண்டும். தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டது என்று எண்ணி அந்தப் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு அலைகிறது. பிளாஷ் கூடாது. இருவாச்சி கூடு வைக்கும் மாதங்கள் நாங்கள் கேட்கும் மாதங்களோடு ஓரளவு சேர்ந்து வருகின்றன. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டு, ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பி வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும். வெளியே ஆட்களைக் கண்டு ஆண் வரத் தயங்கினால் உள்ளே இருப்பவை பட்டினி. ஆகவே கூட்டுமரம் உள்ள பாதையைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். பின்னால் தெரியவந்தால் அந்தப் பாதையை உடனே மூடிவிடுங்கள்.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை வைத்தால் நல்லது. அதில் பறவைகள், விலங்குகளின் தமிழ்ப் பெயர்கள் பெரிதாக இருக்கட்டும். வயிறு முழுக்கத் தணல் நிறத்தில் இருக்கும் பறவைக்குத் தீக்காக்கை என்று பெயர் இருப்பது தெரிந்தால் ஒரு பிள்ளை அதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகச் சம்மதிக்காது. துடுப்புவால் கரிச்சான், வால்காக்கை, மலையணில், கருமந்தி, மிளா என்று நம் வாயில் இருக்கும் பெயர்களே போதும். மேலே சொன்ன அசம்புப் பறவைகள் இரண்டின் படமும் அதில் இருக்க வேண்டும், அவற்றை நேரில் பார்க்கப் போவதில்லை என்றாலும்கூட. எழுத்து வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்து தருகிறேன். சாவடியில் கொடுத்து வாங்க நான்கைந்து பைனாகுலர்கள் இருந்தால் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவும். எங்களிடம் உள்ள இரண்டை இப்போதே ஒப்படைக்கிறோம்.

ஸ்பீக்கரையும் மது பாட்டிலையும் குரங்குக்குத் தீனி போடுவதையும் சாவடியிலேயே தடுப்பது எந்த நேரத்து விருந்தாளிக்கும் பொருந்தும். அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, வன உயிர்களைப் பற்றிய படிப்புக்கும் சுற்றுலாவுக்கும் சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தர இடம் கொடுக்கிறது. அந்த அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் இருப்பதால், தங்கள் பரிந்துரையோடு இந்த மனுவை அவருக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சரணாலய எல்லைக்கு வெளியே உள்ள பாதை என்றால் தங்கள் அளவிலேயே ஆணை பிறப்பிக்கலாம் என்று நம்புகிறோம். முழு அனுமதிக்கு நாளாகும் என்றால், அரையாண்டு விடுமுறையில் ஒரே ஒரு நாள், ஒரே பாதையில், தங்கள் அலுவலர் ஒருவர் உடன் வர, சோதனையாக ஒரு நடையை நடத்திப் பாருங்கள். அன்று சாவடியில் காத்திருந்த எட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஐந்தரை மணிக்கே வந்து நிற்போம்.

இந்த மனு தொடர்பாக நேரில் விளக்கம் தேவைப்பட்டால் எந்த வேலைநாளிலும் தங்கள் அலுவலகத்துக்கு வரத் தயாராக உள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரரும் குடும்பங்களும் கையொப்பம்)

இடம்: பூதப்பாண்டி

இணைப்பு: கையொப்பப் பட்டியல், பெற்றோரின் சம்மதக் கடிதங்கள், பிள்ளைகள் சாவடியில் இருந்தபடி கேட்டு எழுதிய பறவைப் பட்டியல்.